இரண்டாவது குரல்

கீரைக்காரம்மா காலையில் எங்கள் தெருவுக்குள் நுழைந்து "கீரே... அரக்கீரே, சிறுகீரே..." என்று இழுத்தால், மூன்றாவது வீட்டு ஜன்னலிலிருந்து அதே "கீரே" இன்னோர் உயரத்தில் கேட்கும். கீரைக்காரம்மாவின் குரலுக்குச் சற்று மேலே, அதை இடிக்காமல், அதோடு கூடவே நடந்து வருகிற குரல். முதல் வாரம் அந்த அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சண்டைக்கே போய்விட்டார்.

"இன்னாம்மா, யாவாரத்துக்கு வந்தவள நையாண்டி பண்றியா?"

ஜன்னலில் தெரிந்த முகம் பயந்துபோனது. "இல்லைங்க, இல்லைங்க. உங்க குரல் தனியா போவுதுங்க. அதான் கூட வந்தேங்க."

தனியாகப் போகிற குரலைக் கேட்டால், நாங்கள் அக்கா என்று கூப்பிடும் அவரால் சும்மா இருக்க முடியாது. அதற்கு அவரிடம் மருந்தே கிடையாது. கம்பெனியில் மண் அரைக்கிற உருளை நாளெல்லாம் "ம்ம்ம்" என்று ஒரே சுருதியில் சுற்றும். அதற்கும் துணைக்குப் போவார். குக்கர் விசிலுக்குப் போவார். ஜங்ஷனில் நிற்கிற ரயிலுக்குக்கூட ஒருமுறை போனார். நான் கண்ணால் பார்த்தேன்.

அக்கா பிலிப்பைன்ஸ்காரர். எங்கள் விருத்தாசலத்துப் பையன் ஒருவர் துபாயில் ஒரு ஹோட்டலில் எலக்ட்ரீசியனாக இருந்து, அங்கே பாட்டுக் குழுவில் பாடிக்கொண்டிருந்த அக்காவைக் கல்யாணம் செய்துகொண்டு ஊர் திரும்பினார். கையிலிருந்ததை வைத்து ஒரு சின்ன செராமிக் கம்பெனி போட்டார். பியூஸ் கட்டை, கொலுப் பொம்மை, கிறிஸ்துமஸ் குடிலுக்கு மாடும் ஆடும் தேவதையும். அங்கே அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சூளையில் சுடாத பச்சைப் பொம்மையின் ஓரத்தைக் கத்தியால் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைக்கிற ஆறு பெண்களில் நானும் ஒருத்தி. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது, இப்போது முப்பத்தாறு.

மணிலாவிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள் என்றதும் ஊருக்குக் கிண்டல் செய்யக் கையோடு விஷயம் கிடைத்துவிட்டது. மணிலாக் கொட்டை என்பதுதானே இங்கே மல்லாட்டை ஆனது. மார்க்கெட் கமிட்டிக்கு மூட்டை மூட்டையாக அதுதானே வருகிறது. "மல்லாட்டை நம்ம ஊருக்கு வந்து எத்தினியோ வருஷமாச்சி, அதோட சொந்தக்காரி இப்பத்தான் வராங்க" என்றார் டீக்கடைக்காரர். அக்காவிடம் இதை விளக்கிச் சொன்னோம். அன்று முழுவதும் சிரித்தார். பிறகு வேர்க்கடலை வாங்கும்போதெல்லாம் "சொந்தக்காரங்க ஒரு படி குடுங்க" என்றே கேட்டார்.

அவர் தமிழில் எல்லாருக்கும் 'ங்க' உண்டு. அவர்கள் மொழியிலும் மரியாதைக்கென்று வாக்கியத்தில் ஒட்டுகிற ஒரு சின்னச் சொல் இருக்கிறதாம். அதை விட்டுவிட்டு வந்த இடத்தில் 'ங்க' கிடைத்ததும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நான் அவருக்குச் 'செல்விங்க'. காய வைத்த பொம்மைகளை மிதிக்க வரும் ஆட்டைக்கூட, "போங்க, தயவுசெஞ்சு போங்க" என்றுதான் துரத்துவார். ஆடு போகாது. அவ்வளவு மரியாதை கொடுத்தால் யார்தான் போவார்கள்?

ஓனர் அண்ணன், அதாவது அக்காவின் கணவர், கல்யாணக் கதையை மாதம் ஒருமுறை சொல்லுவார். அலுக்காது. ஹோட்டல் மேடையில் முன்னால் நின்று பாடியது வேறொரு பெண். பளபளவென்று உடுத்தி ஆடிப் பாடுவாள். அக்கா அவளுக்குப் பின்னால், தூணோரமாக நின்று இரண்டாவது குரல் கொடுக்கிறவர்.

"எல்லாரும் முன்னால நிக்கிற பொண்ணத்தான் பாத்தானுங்க. ஒருநாளு நானு தப்பா ஒரு ஒயர புடுங்கிட்டேன். இவ மைக்கு செத்துப் போச்சி. பாட்டு ஓடிக்கினுதான் இருக்குது, ஆனா ஒண்ணுமே இல்லாத மாதிரி ஆயிடிச்சி. சாம்பார்ல உப்பு போட மறந்தாப்ல. சாப்பிட்டுக்கினு இருந்தவங்க எல்லாரும் தலைய தூக்கிப் பாக்குறாங்க, எதுன்னு அவங்களுக்குத் தெரியல. எனக்குத்தான் தெரிஞ்சிச்சி."

அக்கா பக்கத்தில் இருந்தால், "அப்புறம் ஒயர் மாட்டினீங்களா, சொல்லுங்க" என்பார்.

"மாட்டினேன். மாட்டினதுலதான் மாட்டிக்கினேன்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேலை கிடையாது. ஆனாலும் நாங்கள் கம்பெனிக்குப் போவோம், அக்காவின் பாட்டு மெஷினுக்காக. அவர்கள் ஊரில் அது இல்லாத வீடே கிடையாதாம். டிவியில் வரி ஓடும். மைக்கில் பாடினால் கடைசியில் மெஷின் மார்க்குப் போடும். அதில் தமிழ்ப் பாட்டு ஒன்றுகூட இல்லை. அதற்காக விட்டுவிடுவோமா? எவனோ எங்கேயோ போட்ட மெட்டு ஓட, அதன்மேல் நாங்கள் எங்களுக்குத் தெரிந்த சினிமாப் பாட்டைப் பாடினோம். கம்மாபுரத்திலிருந்து லோடு ஏற்ற வரும் அண்ணன் ஒருவர் மூச்சுப் பிடித்துக் கத்தியதற்கு மெஷின் தொண்ணூற்றெட்டு போட்டது. நான் பத்து வயதிலிருந்து பஜனையில் பாடுகிறவள், எனக்கு அறுபத்தொன்று. நான் இரண்டு நாள் அந்த மெஷினோடு பேசவில்லை. கம்மாபுரத்து அண்ணனின் கத்தலோடும் அக்கா சேர்ந்து பாடினார். அவர் எங்கே போனாலும் விடவில்லை. கடைசியில் அந்த மனிதர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "என் பாட்டு இவ்ளோ நல்லாருக்கும்னு எனக்கே தெரியாதுப்பா" என்றார்.

ஆனால் ஒரு விஷயம். அக்கா மட்டும் தனியாக எந்தப் பாட்டும் பாடியதில்லை. "நீங்க ஒண்ணு பாடுங்கக்கா" என்று மைக்கை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

"முதல் குரல் என்னுது இல்லைங்க. அம்மாவோடதுங்க."

சின்ன வயதில் அவர் ஊர்க் கோயிலில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது நாளும் விடியுமுன் எழுந்து பாடப் போவார்களாம். இருட்டில், நட்சத்திர விளக்கின் கீழே. அம்மா முதல் குரல், இவர் இரண்டாவது குரல். பாட்டு முடிந்ததும் கோயில் வாசலில் வாழையிலையில் சுட்ட அரிசிப் பண்டம் தின்பார்களாம். புட்டும் உண்டாம். பேர்கூடக் கிட்டத்தட்ட அதேதான் என்றார், எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒன்பது விடியலும் விடாமல் பாடி முடித்தால் நினைத்தது ஒன்று நடக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை.

அந்த நட்சத்திரத்தை அவர் துடைப்பக் குச்சியிலும் கலர் காகிதத்திலும் தானே செய்வார். செப்டம்பர் முதல் தேதி வாசலில் தொங்கும். "இன்னும் விநாயகர் சதுர்த்தியே வரலியேம்மா" என்று எதிர்வீட்டில் கேட்டார்கள். தங்கள் ஊரில் செப்டம்பர் வந்துவிட்டால் கிறிஸ்துமஸ்தான் என்றார் அக்கா. நாங்கள் பிள்ளையாருக்குச் செய்த கொழுக்கட்டையை அந்த நட்சத்திரத்தின் கீழேதான் போய்க் கொடுத்தோம்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். இவ்வளவு நேரம் கீரை, ஆடு என்று சுற்றிக்கொண்டிருந்ததே அதற்காகத்தான்.

அக்கா வந்த முதல் மார்கழியில் நான்தான் அவரைப் பஜனைக்குக் கூட்டிப் போனேன். விடியற்காலையில் தெருத் தெருவாகப் பாடிக்கொண்டு போகிற கூட்டம். ஜால்ராவைக் கையில் வைத்துக்கொண்டு பஜனை ஐயா முன்னால் போவார். கோயில் கைங்கரியத்திலேயே வாழ்ந்த மனிதர், கோபக்காரர் இல்லை. எங்கள் பாட்டெல்லாம் இருபது பேர் பாடினாலும் ஒரே குரலாக வரவேண்டிய பாட்டு. யாராவது இம்மி விலகினாலும் அவருக்குக் காதில் முள் குத்தும். அக்கா சந்தோஷமாக இரண்டாவது குரலை எடுத்தார். ஐயா ஜால்ராவை நிறுத்தினார்.

"சுருதி சேரலியேம்மா."

மறுபடி ஆரம்பித்தோம். மறுபடி அதே குரல். மறுபடி ஜால்ரா நின்றது. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், கூட்டி வந்தவள் நான்தானே. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அக்கா பாடுவது தப்பில்லை என்று அந்தக் கூட்டத்திலேயே தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் வாயைத் திறந்து சொன்னது இதுதான்:

"அக்கா, நீங்க கைய மட்டும் தட்டுங்க."

"சரிங்க" என்றார். தட்டினார். நாலு தெருவும் முடிகிறவரை தாளம் தவறாமல் தட்டிக்கொண்டு வந்தார். அடுத்த நாளிலிருந்து வரவில்லை. மாதா கோயில் பாட்டுக் குழுவிலும் அவருக்கு இதேதான் நடந்தது என்று பின்னால் தெரிந்தது. ஓரமாக நின்று பாடுங்கள், மைக் வேண்டாம் என்றார்களாம். அதனால் என் தப்புச் சின்னதாகிவிடாது. அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

மூன்றாம் வருடம் நவம்பரில் அக்காவின் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு கை விழுந்து, பேச்சும் போய்விட்டது. டிக்கெட் ஜனவரியில்தான் கிடைத்தது. அக்கா பொம்மை மேஜையில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். ஒரு தேவதையை எடுத்து, சுரண்டி முடித்த ஓரத்தையே மறுபடி சுரண்டினார்.

"செல்விங்க, அம்மா ஆஸ்பத்திரில கண்ணு தொறந்து இருக்காங்க. குரல் இல்லைங்க. நான் போய்ச் சேர்றதுக்குள்ள கொஞ்சம் குரல் வரணும். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ அம்மாகூட பாடணுங்க. ஒன்பது நாள் பாடிக் கேக்கப் போறேன்."

"கேளுங்கக்கா. நல்லா நடக்கும்."

"முதல் குரல் வேணுங்க. நீங்க வாங்க."

அம்மா இருக்கும்போது அம்மாவின் குரலில் தான் கால் வைத்தால் அம்மா இல்லை என்று சொன்னதுபோல ஆகிவிடும் என்றார். வேறு யாராவது அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளலாம், அம்மா வருகிறவரை. அவர்கள் ஊர்ப் பாட்டுக் குழு பாடியதை யாரோ போனில் அனுப்பியிருந்தார்கள். அதில் அம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது. அதைக் கேட்டுக் கேட்டு, அர்த்தம் தெரியாத வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதிப் பாடம் பண்ணினேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது.

ஒன்பது நாள் தொடங்குவது டிசம்பர் பதினாறு. எங்கள் மார்கழியும் அன்றுதான் பிறந்தது. பஜனை ஐயாவிடம் தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லிவிட்டேன். எட்டு விடியல் அக்காவின் சமையல்கட்டில் நின்று பாடினோம். ஜன்னலில் நட்சத்திரம். அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டே தூங்குவார். முதல் நாள், நான் பாட்டை எடுத்ததும் அக்காவின் குரல் பக்கத்தில் வந்து நின்றது. கம்மாபுரத்து அண்ணன் சொன்னது சரிதான். நான் இவ்வளவு நன்றாகப் பாடுவேன் என்று எனக்கே தெரியாது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பாட்டை விட்டுவிடக் கூடாதே என்று அழுதுகொண்டே பாடினேன்.

எட்டாம் நாள் சாயங்காலம் பஜனை ஐயா எங்கள் வீட்டுக்கு வந்தார். மறுநாள் திருவாதிரை. பெரிய கோயிலில் தரிசனத்தின்போது முதல் பாட்டு எடுக்க வேண்டியவருக்கு ஜுரம்.

"தொண்ட பரவாயில்லியா? நீதாம்மா எடுத்துக் குடுக்கணும்."

என் அப்பாவுக்குக் கோயில் மடைப்பள்ளியில் வேலை. அவர் முகத்தைப் பார்த்தேன். எத்தனையோ வருடம் உள்ளே புகையில் நின்றவர். வெளியே மண்டபத்தில், ஊரே நிற்க, அவர் பெண் முதல் பாட்டு எடுக்கப் போகிறாள். "சரிங்கய்யா" என்றேன். அப்பாவுக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். பொய். எனக்கே ஆசையாக இருந்தது. அறுபத்தொன்று மார்க்கு வாங்கியவளுக்கு இருக்காதா?

அக்காவுக்குப் போன் செய்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று யோசித்து யோசித்து, கடைசியில் போனை அணைத்து வைத்துவிட்டேன். ஒரே ஒரு நாள்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

பெரிய கோயில் மண்டபத்தில் அன்று நிற்க இடமில்லை. ஜால்ரா ஒலித்தது. நான் எடுத்தேன், கூட்டம் வாங்கிப் பாடியது. முதல் பாட்டு, இரண்டாவது பாட்டு. மூன்றாவது பாட்டின் நடுவில், எங்கோ பின்னால், தூண்களுக்கு அந்தப் பக்கம், என் குரலுக்குச் சற்று மேலே இன்னொரு குரல் கேட்டது.

அக்காதான். ஐந்து மணி வரை எனக்காகக் காத்திருந்துவிட்டு, எங்கள் வீட்டுக்குப் போய், என் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, அண்ணன் வண்டியில் இங்கே வந்திருக்கிறார். எங்கள் பாட்டின் வார்த்தைகள் அவருக்குத் தெரியாது. வெறும் "ஆ"தான். அதுவே போதுமாக இருந்தது.

ஐயாவுக்குக் கேட்டுவிட்டது. ஜால்ராவைத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நான் திரும்பிக் கையால் ஒரு சைகை செய்தால் போதும், பின்னால் இருக்கும் குரல் நின்றுவிடும். "சரிங்க" என்று சொல்லிவிட்டுக் கை தட்ட ஆரம்பித்துவிடும்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒவ்வொரு அடியின் கடைசி எழுத்தையும் மூச்சு உள்ளவரை நீட்டினேன், அக்கா வந்து நிற்க இடம் வேண்டுமே. ஐயா ஜால்ராவை நிறுத்தவில்லை. ஏன் நிறுத்தவில்லை என்று முடிந்ததும் அவரே சொன்னார்.

"அந்தம்மா தப்பாத்தாம்மா பாடுறாங்க. ஆனா ஒவ்வொரு தடவையும் அதே எடத்துல, அதே அளவு தப்பா பாடுறாங்களே. அது எப்பிடி முடியுது?"

அக்கா வெளிப் பிரகாரத்தில் படிக்கட்டில் உட்கார்ந்து, தொன்னையில் கொடுத்த திருவாதிரைக் களியைத் தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார்.

"இனிப்புங்க. ஒன்பதாவது நாள் இனிப்பு சாப்பிடணுங்க."

"அக்கா, இது ஒன்பதாவது நாள்ல சேருமா?"

தொன்னையை என் பக்கம் நீட்டினார். "தெரியலைங்க. விடிஞ்சிச்சி. முதல் குரல் நீங்க, ரெண்டாவது குரல் நான். சாமி கேட்டா சாட்சி சொல்லுங்க."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. வாயில் களி இருந்தது.

ஜனவரியில் ஜங்ஷனில் ரயில் ஏற்றிவிட்டோம். ஒரு மாதத்தில் வந்துவிடுவேன் என்றார். அண்ணனுக்கு ரசப்பொடி எந்த டப்பாவில் இருக்கிறது என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். வரவில்லை. அம்மாவை விட்டு வர முடியவில்லை. வருடம் முடிவதற்குள் அண்ணனும் கம்பெனியை விற்றுவிட்டு அங்கேயே போய்விட்டார். இப்போது அந்த இடத்தில் வேறு யாரோ பியூஸ் கட்டை செய்கிறார்கள். மண் உருளை அதேதான். தனியாகச் சுற்றுகிறது.

அதற்கெல்லாம் முன்னால், அக்கா ஊருக்குப் போன மூன்றாம் வாரத்தில், அண்ணன் போனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. பொம்மை மேஜைக்கே கொண்டுவந்து வைத்தார். நாங்கள் ஆறு பேரும் சுற்றி நின்று கேட்டோம். அதே ஒன்பது நாள் பாட்டு. ஆனால் பாடியது ஒரு குரல்தான், மெட்டை நேராக, தனியாக எடுத்து. எனக்கு யாரென்று பிடிபடவில்லை. அண்ணன்தான் முதலில் கண்டுபிடித்தார்.

"இவதாம்மா. இவ முதல் குரல் பாடி நானே கேட்டது இல்ல."

இரண்டாவது அடி வந்தது. அக்காவின் குரலுக்குக் கீழே, ஏதோ முனகுவதுபோல ஒரு சத்தம். வார்த்தை இல்லை, மெட்டு இல்லை. "ம்ம்" என்று ஒரே ஒரு சுருதி, மூச்சு வாங்கி மூச்சு வாங்கி, விட்ட இடத்திலேயே மறுபடி பிடிக்கிற சுருதி. அக்கா அதைவிட்டுப் போகாமல், அதன் பக்கத்திலேயே மெதுவாகப் பாடிக்கொண்டு போனார். முடிந்ததும் ஒரு சிரிப்பு. பிறகு தமிழில், எங்களுக்காக:

"செல்விங்க, கேட்டீங்களா? அம்மாவுக்கு இவ்ளோதான் வருதுங்க. அதனால இப்ப அம்மா ரெண்டாவது குரல்."

மூன்று போன் மாற்றிவிட்டேன். அந்த மெசேஜை மட்டும் ஒவ்வொன்றுக்கும் ஏற்றிக்கொண்டு வருகிறேன். வருடா வருடம் மார்கழியில், திருவாதிரை விடியலில் சமையல்கட்டில் அதைப் போட்டுவிடுவேன். கூடப் பாட எனக்குத் தெரியும், நோட்டே தேவையில்லை. ஆனால் முதல் குரலுக்கு ஆள் இருக்கிறது. இரண்டாவது குரலுக்கும் ஆள் இருக்கிறது.

நான் கையை மட்டும் தட்டுகிறேன்.